வண்டி மாறியதா, சீட்டு மாறியதா?

கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

கேள்வி: சார், நான் திருச்செங்கோடு பக்கம் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் மூன்று லாரி ஓடுகிறது. அப்பா நோட்டில் எழுதும் டிரிப் கணக்கை ஜாவாவில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு மெத்தடுக்கு லாரியை அனுப்பி, உள்ளே டீசல் அளவை மாற்றினால் வெளியிலும் மாறிவிடுகிறது. அதே மெத்தடுக்குள் அந்த லாரிக்குப் பதிலாக வேறு லாரியை வைத்தால் வெளியில் ஒன்றும் ஆகவில்லை, பழைய லாரியே நிற்கிறது. லேப் சார் "ஜாவாவில் ஆப்ஜெக்ட் எல்லாம் பாஸ் பை ரெஃபரன்ஸ்" என்கிறார். சீனியர் அக்கா "எல்லாமே பாஸ் பை வேல்யூதான்" என்கிறார். வைவாவில் எதைச் சொல்வது?
— மாணவி, திருச்செங்கோடு

பதில்: அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஒரு வரியோடு வைவாவுக்குப் போனால், "அப்படியானால் உள்ளே மாற்றிய டீசல் வெளியில் எப்படி மாறியது?" என்ற அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்த்துவிடுவோம்.

உங்கள் புரோகிராமில் இருக்கும் வேரியபிளுக்குள் லாரி இல்லை. லாரி என்ற ஆப்ஜெக்ட் ஹீப் என்னும் நினைவகப் பகுதியில் எங்கோ நிற்கிறது. வேரியபிளில் இருப்பது அது எங்கே என்று காட்டும் ரெஃபரன்ஸ் மட்டும். லாரி ஆபீஸ் உங்களுக்குப் புதிதல்ல. வண்டி வாளையாறைத் தாண்டிக்கொண்டிருக்கும், அப்பாவின் மேஜையில் இருப்பது வண்டி நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. அந்த நம்பரை இன்னொரு சீட்டில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தால் சீட்டு இரண்டாகும், வண்டி இரண்டாகாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள நான்கு வரிகளைப் படியுங்கள்.

லாரி ஒன்று = நியூ லாரி("டிஎன் 28");
லாரி இரண்டு = ஒன்று;
இரண்டு.டீசல் = 200;
இரண்டு = நியூ லாரி("டிஎன் 34");

(வேரியபிளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் ஜாவா ஏற்றுக்கொள்ளும், பைத்தான் 3-ம் ஏற்றுக்கொள்ளும். 'நியூ' போன்ற மொழியின் சொந்தச் சொற்களை நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

முதல் வரியில் நாமக்கல் நம்பரோடு ஒரு லாரி பிறக்கிறது. இரண்டாவது வரியில் லாரி எதுவும் பிறக்கவில்லை, சீட்டுதான் நகலாகிறது. மூன்றாவது வரியில் இரண்டாம் சீட்டைப் பிடித்துக்கொண்டு போய் அந்த ஒரே லாரிக்கு 200 லிட்டர் அடிக்கிறோம். இப்போது 'ஒன்று.டீசல்' என்று கேட்டாலும் 200 வரும், ஏனென்றால் இருப்பது ஒரே லாரி. நான்காவது வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'இரண்டு' என்ற சீட்டில் இருந்த நம்பரை அடித்துவிட்டுத் திருச்செங்கோடு வண்டியின் நம்பரை எழுதுகிறோம். 'ஒன்று' அப்படியே நாமக்கல் வண்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் டீசலும் 200-லேயே நிற்கிறது. இதற்குப் பிறகு 'இரண்டு'க்கு என்ன செய்தாலும் 'ஒன்று'க்கு ஒட்டாது.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? சமக்குறிக்கு இடப்பக்கம் பாருங்கள். ஒன்றில் புள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை. வெறும் பெயர் நின்றால் அந்தப் பெயர் மட்டும் வேறிடத்துக்குத் திரும்புகிறது. ஆப்ஜெக்ட் எதுவும் தொடப்படவில்லை. புள்ளி வைத்துப் போனால் ஆப்ஜெக்டுக்கு உள்ளே போய் எழுதுகிறோம். அதைக் காட்டும் எல்லாப் பெயர்களுக்கும் அந்த மாற்றம் தெரியும். எத்தனை லாரி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஓடும்போது 'நியூ' எத்தனை முறை நடந்தது என்று எண்ணுங்கள். சமக்குறியை எண்ண வேண்டாம்.

இனி உங்கள் மெத்தட்.

மாற்று(லாரி வ) {
  வ.டீசல் = 300;
  வ = நியூ லாரி("டிஎன் 52");
  வ.டீசல் = 80;
}

'மாற்று(ஒன்று)' என்று அழைக்கிறீர்கள். ஜாவா 'ஒன்று' சீட்டின் நகலை எடுத்து 'வ' என்ற பெயரில் உள்ளே கொடுக்கிறது. முதல் வரியில் புள்ளி இருக்கிறது, நாமக்கல் வண்டிக்கே 300 லிட்டர் ஆகிறது. இரண்டாவது வரியில் நகல் சீட்டில் சங்ககிரி வண்டியின் நம்பர் ஏறுகிறது. மேஜையில் இருக்கும் அசல் சீட்டை யாரும் தொடவில்லை. மூன்றாவது வரியின் 80 லிட்டர் சங்ககிரி வண்டிக்குப் போகிறது. மெத்தட் முடிந்ததும் 'வ' காணாமல் போகும். சங்ககிரி வண்டியைக் காட்ட ஒரு சீட்டும் மிச்சமில்லாமல் போகும். வெளியே வந்து பார்த்தால் 'ஒன்று' அதே டிஎன் 28, டீசல் 300. நீங்கள் கண்டது இதுதான்.

ஆக ஜாவா அனுப்புவது எப்போதும் நகலைத்தான். இன்ட், டபுள் போன்றவற்றில் எண்ணின் நகல் போகிறது, ஆப்ஜெக்ட் என்றால் ரெஃபரன்ஸின் நகல் போகிறது. வைவாவில் இப்படியே சொல்லுங்கள்: "எல்லாம் பாஸ் பை வேல்யூ. ஆப்ஜெக்ட் விஷயத்தில் அந்த வேல்யூ ஒரு ரெஃபரன்ஸ்." லேப் சாரிடம் வாதம் செய்ய வேண்டியிருந்தால் ஒரு சோதனையைக் கேளுங்கள். இரண்டு லாரி வேரியபிள்களை வாங்கி, அழைத்தவரின் கையில் அவை இடம் மாறும்படி செய்யும் 'ஸ்வாப்' மெத்தடை ஜாவாவில் எழுத முடியுமா? சி++ மொழியில் அளபுருவுக்கு முன்னால் ஓர் ஆம்பர்சண்ட் போட்டு எழுதலாம். சி ஷார்ப் மொழியில் 'ரெஃப்' என்று போட்டு எழுதலாம். அவைதான் உண்மையான பாஸ் பை ரெஃபரன்ஸ். ஜாவாவில் முடியாது. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் 1970-களில் சி.எல்.யூ. என்ற மொழியைச் செய்தபோது இதே முறைக்கு 'கால் பை ஷேரிங்' என்று தனிப் பெயரே வைத்தார்கள். அந்தப் பெயர் பரவியிருந்தால் உங்கள் லேபில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

சரி, லாரியை நிஜமாகவே மாற்ற வேண்டும் என்றால்? புது லாரியை மெத்தட் திருப்பித் தரட்டும்; 'ஒன்று = மாற்று(ஒன்று)' என்று வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது 'ஓட்டுநர்' என்று ஒரு கிளாஸ் வைத்து, லாரியை அதன் ஃபீல்டாக்கிவிட்டு, ஓட்டுநரை மெத்தடுக்கு அனுப்புங்கள். உள்ளே 'ஓ.வண்டி = நியூ லாரி(...)' என்றால் அது வெளியிலும் தெரியும், ஏனென்றால் இடப்பக்கம் புள்ளி வந்துவிட்டது; மாறுவது ஓட்டுநர் என்ற ஆப்ஜெக்ட். டிரிப் கணக்குக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம். ஒன்று மட்டும் கவனம். ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவர் போட்டிருந்து, வண்டி பாடி கட்டும் பட்டறைக்குப் போன சமயத்தில் ஒருவருக்கு மட்டும் மாற்று வண்டி கொடுத்தால், மற்றவரின் 'வண்டி' பழையதையே காட்டும். கணக்குப்படி அவர் பட்டறையில் நிற்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

இந்தக் குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல. நம் கல்லூரிகளில் முதலில் சி வருகிறது. அங்கே வேரியபிள் என்றால் மதிப்பு உட்கார்ந்திருக்கும் இடம் என்று பழகுகிறோம். சி++ போனாலும் அந்தப் பழக்கம் செல்லும்; அங்கே 'லாரி இரண்டு = ஒன்று;' என்று எழுதினால் லாரியே நகலாகி இரண்டு லாரி ஆகிவிடும். அடுத்த செமஸ்டரில் ஜாவாவில் அதே வரி, பார்க்க ஒரு மாற்றமும் இல்லை, அர்த்தம் மட்டும் வேறு. பி.எச்.பி.யில் இது ஒரே மொழிக்குள்ளேயே நடந்தது. நான்காம் பதிப்பு வரை ஆப்ஜெக்டை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் முழு நகல் எடுத்தது. 2004-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை மாற்றி, ஜாவா வழிக்கு வந்தது.

முதல் ஆப்ஜெக்ட் மொழியை உருவாக்கியவர்கள் இதை முன்பே பார்த்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் செய்த சிமுலா 67 மொழியில் இரண்டு வேலைக்கும் இரண்டு குறி. எண்ணைக் கொடுக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்துப் போட வேண்டும். ரெஃபரன்ஸைத் திருப்ப முக்காற்புள்ளியும் சிறு கோடும். வரியைப் பார்த்த மாத்திரத்தில் சீட்டு மாறுகிறதா, மதிப்பு மாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கும் அப்படியே தனித்தனிக் குறிகள். 1995-ல் ஜாவா வந்தபோது சி, சி++ எழுதிப் பழகியவர்களை இழுக்க வேண்டியிருந்தது. ஒரே சமக்குறியோடு நின்றுவிட்டார்கள். மிச்சமானது ஓர் எழுத்து. அதற்கான வட்டியை இன்றுவரை மாணவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

உங்கள் லேபில் கடைசியாக ஒரு வேலை செய்யுங்கள். 'ஒன்று', 'இரண்டு' இரண்டையும் சிஸ்டம் கிளாஸில் இருக்கும் 'ஐடென்டிட்டி ஹாஷ்கோட்' மெத்தடுக்குக் கொடுத்து, இரண்டாம் வரிக்குப் பிறகும் நான்காம் வரிக்குப் பிறகும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டாம் வரிக்குப் பின் ஒரே எண் வரும். நான்காம் வரிக்குப் பின் ஏறக்குறைய எப்போதும் வேறு வேறு எண் வரும். அது நினைவக முகவரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், முகவரி அல்ல. பார்ப்பதற்கு உதவும் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

கேள்வி: நாமக்கல்லில் கோழிப்பண்ணை ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். பைத்தான் யூடியூபில் கற்றது. நான்கு ஷெட், ஏழு நாள், எந்த ஷெட்டில் எந்த நாள் எத்தனை முட்டை என்று அட்டவணை போட்டேன். முதல் ஷெட்டுக்குத் திங்கட்கிழமை 9,400 என்று போட்டால் நான்கு ஷெட்டிலும் 9,400 ஏறுகிறது. கம்ப்யூட்டரில் வைரஸா?
— வாசகர், நாமக்கல்

பதில்: வைரஸ் இல்லை. நீங்கள் அனுப்பிய வரி இது:

முட்டை = [[0] * 7] * 4

உள்ளே இருக்கும் ஏழு பூஜ்யப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் உருவானது. வெளியே இருக்கும் 'பெருக்கல் நான்கு' அந்தப் பட்டியலை நகல் எடுக்கவில்லை. அதைக் காட்டும் ரெஃபரன்ஸை நான்கு முறை அடுக்கியது. நான்கு ஷெட்டும் ஒரே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 'முட்டை[0][0] = 9400' என்றால் அந்த ஒரே பட்டியலுக்குள் எழுதுகிறீர்கள். முந்தைய பதிலில் புள்ளி செய்ததை இங்கே சதுர அடைப்பு செய்கிறது.

அப்படியானால் உள்ளே இருக்கும் 'பெருக்கல் ஏழு' ஏன் தொல்லை தரவில்லை, திங்கள் மாறினால் செவ்வாயும் ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். அங்கேயும் ஏழு இடமும் ஒரே பூஜ்யத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் பைத்தானில் எண்ணுக்குள் போய் எதையும் மாற்ற முடியாது. 9,400 என்று போடும்போது பூஜ்யம் மாறவில்லை, திங்கட்கிழமைக்குரிய இடம் வேறு எண்ணைக் காட்டத் தொடங்குகிறது. மற்ற ஆறு இடங்களும் பூஜ்யத்திலேயே நிற்கின்றன.

சரியான வரி: 'ஃபார்' போட்டு ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனியாக '[0] * 7' உருவாக்குங்கள்.

முட்டை = [[0] * 7 ஃபார் ஷெட் இன் ரேஞ்ச்(4)]

பழைய வாரத்தின் அட்டவணையை எடுத்து வைக்கவும் இதே எச்சரிக்கை. 'முட்டை.காப்பி()' வெளிப் பட்டியலை மட்டும் நகலெடுக்கும். உள்ளே இருக்கும் ஷெட் பட்டியல்கள் பழையவையேதான். இந்த வாரம் எழுதினால் போன வாரமும் மாறும். 'காப்பி' மாட்யூலில் உள்ள 'டீப்காப்பி' போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலில் இது பணத்தில் கடிக்கும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை அடிக்கடி மாறும். அந்த விலையை வெறும் எண்ணாக ஒவ்வொரு பில்லிலும் எழுதினால் பயமில்லை. இன்று விலையை மாற்றினால் நேற்றைய பில்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிலர் நன்றாக எழுதுகிறோம் என்று 'விலைப்பட்டியல்' என ஓர் ஆப்ஜெக்ட் செய்து, பெரிய முட்டை, புல்லட் முட்டை, கழித்துவிடும் கோழி என எல்லா விலையையும் அதில் வைத்து, எல்லா பில்லிலும் அந்த ஒரே ஆப்ஜெக்டைக் கோர்த்துவிடுவார்கள். மறுநாள் காலை 'விலைப்பட்டியல்.பெரியது' என்று புது விலையைப் போட்டால், போன மாதம் கொடுத்த பில்லைத் திரும்ப அச்சிடும்போது அதிலும் இன்றைய விலை வரும். வியாபாரி கையில் இருக்கும் காகிதம் ஒன்று சொல்லும், உங்கள் கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும். விலை மாறும் நாளில் பழைய ஆப்ஜெக்டுக்குள் எழுதாமல் புது விலைப்பட்டியல் ஒன்றை உருவாக்கி, பெயரை அதற்குத் திருப்புங்கள். பழைய பில்கள் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் மட்டும் திரும்புவது இங்கே நமக்குச் சாதகம்.

கேள்வி: ஜாவாவில் லோடு ஏற்றிய முட்டையும் இறக்கிய முட்டையும் சமமா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போட்டேன். 4 ட்ரே வரை சரி. 5 ட்ரே ஆனதும் இரண்டு பக்கமும் 150 இருந்தும் சமமில்லை என்கிறது. ஏன்?
— வாசகி, பரமத்தி வேலூர்

பதில்: எண்களை 'இன்ட்' என்று வைக்காமல் 'இன்டிஜர்' என்று ஆப்ஜெக்டாக வைத்திருக்கிறீர்கள். ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி போட்டால் ஜாவா கேட்பது "இரண்டு சீட்டும் ஒரே இடத்தைக் காட்டுகிறதா?" என்றுதான். உள்ளே இருக்கும் எண் அதற்குத் தேவையில்லை. மைனஸ் 128-லிருந்து 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஆப்ஜெக்டை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் கொடுக்கிறது. ட்ரேக்கு 30, நான்கு ட்ரே 120, வரம்புக்குள் வருவதால் இரண்டு பக்கமும் ஒரே ஆப்ஜெக்ட். ஐந்து ட்ரே 150. வரம்பு தாண்டியதும் தனித்தனி ஆப்ஜெக்ட். 210 முட்டைப் பெட்டி ஒன்றைக்கூட உங்கள் புரோகிராம் சரிபார்க்காது. 'ஈக்வல்ஸ்' மெத்தடைப் பயன்படுத்துங்கள், அல்லது 'இன்ட்' என்றே வையுங்கள். சின்ன எண்ணை வைத்துச் சோதித்துவிட்டுச் சரி என்று விடுவதால் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

கேள்வி: லாரியை விற்றுவிட்டால் 'ஒன்று = நல்' என்று போட்டால் போதுமா? ஆப்ஜெக்ட் அழிந்துவிடுமா?
— வாசகர், ராசிபுரம்

பதில்: அழியாது. 'ஒன்று' என்ற பெயர் கையை விட்டுவிடுகிறது, அவ்வளவே. வேறு பெயரோ பட்டியலோ ஓட்டுநரோ அந்த லாரியைப் பிடித்திருந்தால் அது இருந்துகொண்டேதான் இருக்கும். ஓடும் புரோகிராமிலிருந்து எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத ஆப்ஜெக்டைத்தான் கார்பேஜ் கலெக்டர் எடுக்கும், அதுவும் தனக்குத் தோன்றும் நேரத்தில். விற்ற லாரியை 'எல்லா வண்டிகள்' பட்டியலிலிருந்து எடுக்க மறந்தால் எத்தனை 'நல்' போட்டாலும் பயனில்லை. அதோடு, 'ஒன்று'ஐ 'நல்' ஆக்கிய பிறகு யாராவது 'ஒன்று.டீசல்' என்று கேட்டால் புரோகிராம் நல் பாயின்டர் எக்செப்ஷன் வீசி நிற்கும்.

எதையுமே காட்டாத இந்த ரெஃபரன்ஸைக் கொண்டுவந்தவர் டோனி ஹோர். கொழும்பில் 1934-ல் பிறந்தவர். 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்கு ரெஃபரன்ஸ் முறையை வடிவமைத்தபோது, செய்வது எளிது என்பதால் சேர்த்ததாகவும், அது தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்றும் 2009-ல் லண்டன் மாநாடு ஒன்றில் அவரே சொன்னார். விற்ற லாரிக்கு 'நல்' போடுவதைவிட, லாரி கிளாஸில் 'விற்ற தேதி' என்று ஒரு ஃபீல்டு வைப்பது நல்லது. பழைய டிரிப் கணக்கும் பிழைக்கும்.

கேள்வி: லாரியை யாரும் மாற்றக் கூடாது என்று 'ஃபைனல்' போட்டேன். டீசலை மாற்ற முடிகிறதே?
— மாணவர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, 'ஃபைனல்' பூட்டுவது பெயரை. அந்தப் பெயரை வேறு லாரிக்குத் திருப்ப முடியாது. லாரிக்கு டீசல் அடிப்பதை அது தடுக்காது. ஜாவாஸ்கிரிப்டின் 'கான்ஸ்ட்' செய்வதும் இதுவே. உள்ளே இருப்பதையும் பூட்ட வேண்டுமானால் ஃபீல்டுகளை 'ஃபைனல்' ஆக்குங்கள். 2021-ல் ஜாவா 16-ல் நிலைபெற்ற 'ரெக்கார்டு' அதைத் தானாகச் செய்கிறது. ஆனால் ரெக்கார்டுக்குள் டிரிப் பட்டியல் ஒன்றை ஃபீல்டாக வைத்தால், அந்தப் பட்டியலில் இன்னொரு டிரிப் சேர்ப்பதை ரெக்கார்டாலும் தடுக்க முடியாது. ரெக்கார்டை உருவாக்கும் இடத்திலேயே 'லிஸ்ட்.காப்பிஆஃப்' கொண்டு மாற்ற முடியாத நகல் எடுத்து உள்ளே வையுங்கள். ஜாவா 10-லிருந்து அது இருக்கிறது.